டிரை ஃபுட் வாங்கப் போன இடத்தில்

இன்று காலை ராபர்ட்சன்பேட்டை கடையில் என் பூனை டைகருக்கு வழக்கமான டிரை ஃபுட் கேட்டேன். நேற்றிலிருந்து அவன் சாப்பிடவில்லை, மணல் தட்டிலேயே போய்ப் போய் உட்காருகிறான் என்று கடைக்காரரிடம் புலம்பினேன்.

பக்கத்தில் நாய் பிஸ்கட் வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பினார்.

“ஒண்ணுக்குப் போவுதா?”

யோசித்தேன். மணலில் ஈரம் பார்த்த நினைவே இல்லை.

“கடுவனா? தீனிய அப்புறம் வாங்கிக்கோம்மா. மொதல்ல டாக்டர்கிட்ட தூக்கினு போ. எங்க பூனை இப்படித்தான் செத்துப்போச்சு.”

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, டைகரைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். சிறுநீர் அடைத்திருந்தது. டாக்டர் குழாய் வைத்து எடுத்தார்.

“நாளைக்கு வந்திருந்தா கஷ்டம். தண்ணி கம்மியா குடிக்கிறான், இனிமே வெட் ஃபுட்டே குடுங்க” என்றார்.

டைகர் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான். மாலையில் போனபோது என் கையை முட்டினான். அங்கேயே அழுதுவிட்டேன்.

அந்த அம்மாவின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கடைக்காரருக்கும் தெரியவில்லை. பச்சைக் குடை வைத்திருந்தார். யாருக்காவது தெரிந்தால், பூனை பிழைத்துவிட்டது என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் வைத்த வெட் ஃபுட்டில் குழம்பை மட்டும் நக்கிவிட்டுத் துண்டுகளை அப்படியே வைக்கிறான் என்றும் சொல்லுங்கள். அதற்கும் அவரிடம் வழி இருக்கும்.