பத்தைக் காணேல்லை

ஜெயந்தி ரீச்சர் நேற்று விடியப்புறம் போய்விட்டா... இன்று பின்னேரம் அரியாலைச் சுடலையில் எல்லாம் முடிந்தது.

உரும்பிராய் ரியூசனில் அவ கணிதம், நான் வர்த்தகம். பல வருஷம் ஒரே மேசையில் பிளேன்ரீ குடித்த ஆட்கள்.

அவவுக்கு ஒரு நம்பரில் பைத்தியம். 1, 2, 3 என்று பத்து வரை ஏறி, திரும்ப ஒன்று வரை இறங்கும். எல்லாவற்றையும் ஒட்டி எழுதினால் இருபது இலக்கத்தில் ஒரே எண். அது முதன்மை எண்ணாம். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாது.

"ரீச்சர், உது ஆருடைய போன் நம்பர்?" என்று நக்கலடிப்பேன்.

"சிரியுங்கோ, சிரியுங்கோ. ஒன்பதோட திரும்பி இறங்கினா உடைஞ்சிடும் மாஸ்டர். ஒண்டை ஒன்பது தரம் வரிசையா எழுதி, அதை அதாலையே பெருக்கினா அது வந்திடும். பத்தைத் தொட்டிட்டு இறங்கினாத்தான் உடையாது. அந்தப் பத்திலைதான் எல்லாம் கிடக்கு."

"ஓம் ஓம்" என்பேன். கண் போனில் இருக்கும்.

நோய் வருத்தத்தில் ரீச்சர் படுத்திருந்தபோது பார்க்கப் போனேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இன்னும் உடையேல்லை மாஸ்டர்."

"ஐயோ, எங்கை ரீச்சர் விழுந்தனீங்கள்?"

இருமல் வரும்வரை சிரித்தா. நானும் சேர்ந்து சிரித்தேன்... எதற்கென்று தெரியாமலே.

நேற்று அஞ்சலி பனர் அடிக்கிற வேலையை நானாகத்தான் கேட்டு வாங்கினேன். படத்துக்குக் கீழே அந்த நம்பரைப் போடுவோம், அது எனக்குத்தான் தெரியும் என்று பெரிய எடுப்பு வேறு.

போனில் டைப் பண்ணிப் பார்த்தால் நடுவில் அந்த 10 மட்டும் என்னவோ இடித்தது. அதை எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் வடிவாக ஒத்து வந்தது. டைப்பிங் பிழையாக்கும் என்று நானே அழித்துவிட்டேன்.

சந்தியில் பனர் ஏறியது. "உடையாத எண்" என்று கொட்டை எழுத்தில். கீழே, உடைகிற எண்.

ரீச்சரிடம் படித்த பிள்ளைகள் நின்று நின்று பார்த்தார்கள். மெச்சுகிறார்கள் என்றே நினைத்தேன்...

செத்தவீட்டில் ரீச்சரின் கணவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மாஸ்டர்... பத்தைக் காணேல்லை."

முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "கழட்டட்டோ அண்ணை?"

"விடுங்கோ. சனம் வந்து போற நேரம். அவ இருந்திருந்தா ரெண்டு மார்க்கை வெட்டிப்போட்டு விட்டிருப்பா."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு இன்னும் கூசுகிறது. இவ்வளவு காலம் பக்கத்தில் இருந்தும், ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டிருந்தால் அந்தப் பத்தில் கை வைத்திருப்பேனா?

ரீச்சர்...

12345678910987654321

இந்தமுறை பத்து இருக்கு. சரியோ எண்டு பாருங்கோ.