லேத்துக்கு இறக்கிய துண்டு

எங்கள் அப்பா மிராசுதார் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர். ஆட்சி மாறி, கூலிப் போராட்டம் சூடுபிடித்த காலத்தில் வளர்ந்தவன் நான். எவருக்காகவும் தோள் துண்டை இறக்குவதில்லை என்று சபதம் போட்டிருந்தேன். ஐ.டி.ஐ. முடித்து, டம்ளர் அழுத்தும் இரும்பு அச்சுகள் செய்யும் கும்பகோணம் பட்டறையில் சேர்ந்தபோதும் கட்சிக்கரைத் துண்டு கழுத்தைச் சுற்றிக் கம்பீரமாகக் கிடந்தது.

சேர்ந்த புதிதில் ஒரு நாள், அச்சு சரியாக உருவாகிறதா என்று, இரும்பைச் சுழற்றிக் கடைந்துகொண்டிருந்த லேத் இயந்திரத்தின்மேல் குனிந்தேன். சுழன்ற இரும்பு துண்டின் நுனியைக் கவ்வி என்னையும் இழுத்தது. கன்னம் இயந்திரத்தில் ஒட்டிய நொடியில் கரண்ட் போயிற்று.

தப்பித்தேன் என்று நினைக்காதீர்கள். முறுக்கிய துண்டு கழுத்தை விடவில்லை. சுவிட்ச் போட்டபடியே இருந்தது, கைக்கு எட்டவில்லை. பட்டறையில் வேறு ஆளில்லை. சாமியே இல்லை என்று பேசித் திரிந்தவன், கரண்ட் வரக்கூடாதென்று வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன்.

டீ குடித்துவிட்டு வந்த கூட்டாளி மணி சிரித்தான். “என்னடா, மெஷினோட ரகசியம் பேசுறியா?”

“டேய், மொதல்ல சுவிட்சை நிறுத்துடா! அப்புறம் சிரி!”

நிறுத்திவிட்டுத் துண்டைக் கத்தியால் அறுத்தான். “மிராசுதாருக்கே எறங்காத துண்டு, ஒரு லேத்துக்கு எறங்கிப்போச்சே!” என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் விளக்கு எரிந்தது. அப்புறம் இருவருமே சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் பட்டறை வாசல் ஆணியில் துண்டை மாட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். மாலையில் அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சுற்றுவழியானாலும் மிராசுதார் வீட்டு வாசல் வழியாகவே வீடு திரும்புகிறேன்.