தண்ணீருக்கு ஒரு தேங்காய்

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது துளைக்குள் விடும் சேற்றிலேயே டீசலைக் கலந்துவிட்டு, "உள்ளே எண்ணெய் இருக்கிறதா, பார்த்துச் சொல்" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லிப் பிழைத்தவன் நான். தாங்களே குழப்பிவிட்டு விளக்கம் கேட்கும் மேலதிகாரிகளிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் நிலைமை புரியும்.

என்ன எண்ணெய்?

தொண்ணூறுகளில் எங்கள் ஆபீஸ் மலையாளத்துத் தலைநகரில், கிழக்கேகோட்டையில் ஒரு மாடியறை. கிணற்றுக்குள் கருவியை இறக்கி எடுத்த அளவுகள், நீளமான காகிதச் சுருளில் கோடுகளாக எங்களுக்கு வரும். பக்கத்துச் சாலைக் கடைத்தெருவில் எண்ணெய் மண்டி வைத்திருந்த அண்ணாச்சி, என் வேலை என்னவென்று ஒருநாள் விசாரித்தார். ஊற்றிய எண்ணெய் எது, ஊறிய எண்ணெய் எது என்று பிரித்துச் சொல்வது என்றேன். "அப்போ கலப்படம் கண்டுபிடிக்கிற உத்தியோகம்னு சொல்லுங்க சாரே. நம்ம கடைப் பக்கம் மட்டும் வந்துராதீங்க."

மினுமினுத்த கல்

ஒரு கிணற்றிலிருந்து வந்த கல்துகள் எல்லாம் எண்ணெயில் மினுமினுத்தது. கிணற்றுக்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்கோ கோடுகள் வேறு கதை சொல்லின. துளையின் சுவரை ஒட்டித்தான் எண்ணெய். உள்ளே தள்ளிப் பார்த்தால் தண்ணீர். சுவரில் இருந்தது அவர்களே ஊற்றிய டீசல். தண்ணீர் என்றே எழுதிக் கொடுத்தேன்.

அவர்கள் நம்பவில்லை. சோதித்துப் பார்ப்போம், எண்ணெய் வந்தால் உங்களுக்கு இனி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் மேனேஜர் சசிதரன் மலையாளி. என்னிடம் தமிழில்தான் பேசுவார்; 'போதும்' மட்டும் 'மதி' என்றே வரும். "நீங்க சொன்னது சரியா இருந்தா மதி. இல்லேன்னா நாம ரெண்டு பேரும் வீட்டுல இருக்கலாம்."

வேண்டுதல்

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி மங்களம் கோட்டைக்குள் அக்ரகாரத்தில் பிறந்தவள். கவலைப்படாதேங்கோ, கிணற்றில் எண்ணெய் கொட்டினால் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டுவிட்டேன் என்றாள். எண்ணெய் வந்தால் என் வேலை போய்விடும், தண்ணீர்தான் வரவேண்டும் என்று விளக்கினேன். மறுநாள் காலையே இருவரும் கோயிலுக்குப் போய் வேண்டுதலைத் திருத்தினோம். வெளியே வரும்போது சொன்னாள்: "எண்ணெய்க் கம்பெனிக்கு உழைச்சுண்டு தண்ணி வேணும்னா, பாவம், பிள்ளையார்தான் என்ன பண்ணுவார்?"

போன் வந்தது

கிணற்று அதிகாரி போன் செய்தார். முதலில் எண்ணெய் வந்தது என்றார். வேலை போயிற்று என்று மேஜைமேல் கிடந்த காகிதங்களைச் சுருட்டத் தொடங்கினேன். அது தாங்கள் ஊற்றிய டீசல்தான், கொஞ்சத்தில் நின்றுவிட்டது, அப்புறம் முழுக்க உப்புத் தண்ணீர் என்று இழுத்து இழுத்துச் சொன்னார். "வந்தது உங்க தண்ணிதான் சார், சந்தோஷமா இருங்க. அடுத்த கிணத்துச் சுருளும் உங்களுக்குத்தான்."

சசிதரன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வீட்டுக்கு வந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மங்களம் விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள். "முதல்ல எண்ணெயும் வந்துதோல்லியோ? அப்போ ரெண்டு தேங்காய்."

எண்ணெய்த் தொழிலில் இருந்துகொண்டு, எண்ணெய் வந்ததற்கு ஒன்றும், வராததற்கு ஒன்றுமாகத் தேங்காய் உடைத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.