சுபலட்சுமிக்கு அளவு ஜாக்கெட் இல்லை

சேவூர்ப் பக்கம் யார் வீட்டுத் தறி மக்கர் பண்ணினாலும் முதல் போன் சுபலட்சுமிக்குத்தான் போகும். தறியின் தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டுப் பெட்டிதான் புடவையில் மயிலையும் மாங்காயையும் வரவழைப்பது. அதில் ஒரு கொக்கி வளைந்தால் போதும், மயிலுக்குக் கழுத்து காணாமல் போய்விடும். சுபலட்சுமி ஸ்கூட்டியில் வந்து இறங்குவாள், செருப்பைக் கழற்றுவாள், அடுத்த நிமிஷம் தறி மரத்தைப் பிடித்து விறுவிறுவென்று மேலே ஏறியிருப்பாள். வயது முப்பது. நான்கு பாக்கெட் வைத்த பேன்ட், முழங்கை வரை மடித்துவிட்ட தொளதொள சட்டை. ஒரு பாக்கெட்டில் ஸ்க்ரூ டிரைவர், ஒன்றில் குறடு, ஒன்றில் எண்ணெய்த் துணி, நான்காவதில் வேர்க்கடலை. புடவையோடு அந்த உயரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க முடியுமா என்று கேட்பவர்கள் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குத் தறி ஓடினால் சரி. வீட்டில்தான் பெரும்பாடு. அம்மா கற்பகத்துக்குப் பதினைந்து வருஷமாக ஒரே குறை: பெற்ற ஒரே பெண் பெண்ணாக வளையவரவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி சுடிதார் வாங்குவாள். அது கவர் பிரிக்காமல் பீரோவுக்குள் போகும். பூ வாங்கி வந்தால் சாமி படத்துக்குப் போகும்.

"நம்ம ஊரு புடவைக்காக எங்கெங்கயோ இருந்து கார் வச்சுகினு வராங்க. இவளுக்கு இன்னாடான்னா பேன்ட்டு கேக்குது" என்று அங்கலாய்ப்பாள் கற்பகம். இதைச் சொல்லும்போது அவள் போட்டிருப்பது நைட்டி, அதன்மேல் ஒரு துண்டு. பட்டுப்புடவை நெய்கிற அம்மாள் அந்தக் கோலத்தில்தான் காலையிலிருந்து தறியில் உட்கார்ந்திருப்பாள்.

"நீ மட்டும் நைட்டில இருக்கியே, அது இன்னா பட்டா?"

"நைட்டி பொம்பளைங்க துணிடி. காத்தோட்டமா இருக்குது, போட்டுகினு இருக்கேன்."

"அதையேதாம்மா நானும் சொல்றேன்."

கற்பகம் தறியை இரண்டு மடங்கு வேகமாக அடிப்பாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்த வண்டி, தம்பி ஹேமநாத்தின் கல்யாணத்தில் வந்து நின்றது. சுபலட்சுமிக்கு எட்டு வயது இளையவன். அப்பாவும் அம்மாவும் தறியில் இருந்த காலத்தில் அவனை இடுப்பில் சுமந்தவள் அவள்தான். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். பெண் சந்தவாசல் பவித்ரா. தாலி கட்டும்போது மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, மற்ற இரண்டையும் மாப்பிள்ளையோடு பிறந்தவள் பெண்ணுக்குப் பின்னால் நின்று போடவேண்டும். நாத்தனார் முடிச்சு. அது தன்னுடையது என்பதில் சுபலட்சுமிக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

கற்பகம் அதிலேதான் கை வைத்தாள்.

"பட்டுப்புடவை கட்டிகினு வந்தா முடிச்சு போடு. இல்லன்னா உங்க சித்தப்பா பொண்ணு ராதிகா போடட்டும். பேன்ட்டு போட்டுகினு மேடைல ஏறி, சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி எம் மானத்த வாங்காத."

சுபலட்சுமிக்குச் சுருக்கென்று தைத்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "கட்டறேன். ஒரு நாளுதானே" என்றாள்.

கற்பகத்துக்குத் தலைகால் புரியவில்லை. தானே நெய்த மயில்கழுத்து நிறப் புடவையை எடுத்துக்கொண்டு டெய்லரிடம் ஓடினாள். டெய்லர் அளவு ஜாக்கெட் கேட்டார். சுபலட்சுமி வாழ்நாளில் ஜாக்கெட் போட்டிருந்தால்தானே அளவுக்குக் கொடுக்க? நேரில் வந்து அளவு கொடு என்றால், முகூர்த்த மாதம், ஐந்து வீட்டுத் தறி காத்திருக்கிறது என்று ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டாள். "ரெண்டு பேரும் ஒரே உசரந்தானே" என்று கற்பகம் ராதிகாவின் ஜாக்கெட்டை வாங்கிக் கொடுத்தாள். உயரம் ஒன்றுதான். ஆனால் ராதிகா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். சுபலட்சுமி தினமும் நாலு தறி ஏறி இறங்குகிறவள். தோள்பட்டை எப்படி ஒன்றாக இருக்கும்?

கல்யாணத்தன்று காலையில் மூன்று பேர் சேர்ந்து ஜாக்கெட்டை மாட்டினார்கள். மூச்சை வெளியே விட்டபோதுதான் கொக்கி விழுந்தது.

"ம்மா, கைய தூக்க வரலம்மா."

"கைய தூக்கி இப்ப இன்னா பண்ணப் போற? தொங்கப்போட்டுகினு அழகா நில்லு."

அழகாகத்தான் இருந்தாள். சொந்தக்காரர்கள் கன்னத்தைக் கிள்ளினார்கள். உண்மையைச் சொல்லவேண்டும், அம்மா நெய்த புடவை என்று ஐந்து நிமிஷம் அவளுக்கே பெருமையாகத்தான் இருந்தது. ஆறாவது நிமிஷம் அக்குளில் நமைச்சல் ஆரம்பித்தது. சொறியக் கை போகவில்லை.

கெட்டிமேளம் முழங்கியது. ஹேமநாத் தாலியைக் கட்டி முதல் முடிச்சைப் போட்டுவிட்டு அக்காவைப் பார்த்தான். சுபலட்சுமி குனிந்தாள். கை முன்னால் பாதிவரைதான் வந்தது. பவித்ராவின் மாலையையும் சடையையும் தாண்டி இரண்டு கையும் சேர்ந்தால்தானே முடிச்சு? இன்னொரு தரம் முயன்றாள். விரல்கள் நூலைத் தொடாமல் காற்றில் நின்றன.

"க்கா, ஜல்தி! கை வேர்க்குது, நழுவுது" என்றான் ஹேமநாத்.

"நேரம் போகுதும்மா" என்றார் ஐயர்.

பக்கத்தில் விளக்கோடு நின்ற ராதிகா, "பெரீம்மா, நான் போட்டுடட்டா?" என்று கேட்டாள். நல்ல பெண், உதவத்தான் கேட்டாள். சுபலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்னபடி கட்டிக்கொண்டு வந்தும் முடிச்சு போகப்போகிறதே என்று அழுகை முட்டியது. அம்மாவைப் பார்த்தாள்.

கற்பகம் மகளின் முகத்தைப் பார்த்தாள், சடைக்குப் பின்னால் தவித்த கைகளைப் பார்த்தாள். தலையை ஆட்டினால் போதும், ராதிகா போட்டிருப்பாள்.

"நீ வெளக்க ஒழுங்காப் புடி" என்று ராதிகாவிடம் சொல்லிவிட்டு, மகளின் பின்னால் போய் நின்றாள். ஜாக்கெட்டின் தோள் மூட்டில் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். டெய்லர் கெட்டியாகத்தான் தைத்திருந்தார். பல்லால் கடித்து நூலை அறுத்து இழுத்தாள். வலது பக்கம் டர்ரென்று கிழிந்தது. பிறகு இடது பக்கம். வீடியோக்காரர் ஒன்றையும் விடவில்லை.

"இப்ப போடு" என்றாள்.

சுபலட்சுமி கையை நீட்டினாள். ஒரு முடிச்சு. இன்னொரு முடிச்சு. இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள். அட்சதை தலையில் விழுந்தபோது சிரித்துக்கொண்டே அழுதாள். கற்பகம் தன் புருஷன் தோளிலிருந்த துண்டை உருவி மகளைப் போர்த்தி, உள்ளே அனுப்பினாள்.

"பையில உன் பேன்ட்டும் சட்டையும் இருக்குது. இஸ்திரி போட்டுதான் வச்சிருக்கேன்."

"நீயா எடுத்து வச்ச?"

"சாயந்திரம் ஸ்கூட்டிய யாரு ஓட்டறது? நானா?"

பந்தி தொடங்கியபோது சுபலட்சுமி பேன்ட் சட்டையில் பாயச வாளியோடு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தாள். பெண்ணின் அத்தை கன்னியம்மாள் கற்பகத்தின் காதோரம் குனிந்தாள். "அந்தப் பேன்ட்டு போட்ட பொண்ணு சுறுசுறுப்பா இருக்குதே, சமையல்காரங்க கூட வந்துதுங்களா?"

பக்கத்து இலைக்காரர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். கற்பகம் கையிலிருந்த அப்பளத்தைக் கீழே வைத்தாள்.

"எம் பொண்ணுங்க. உங்க பொண்ணு கழுத்துல ரெண்டு முடிச்சு அவ போட்டதுதான்" என்றாள். பிறகு பந்தி முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்: "சுபா! இங்க வாடி. சம்பந்தி வீட்டுக்காரங்க உன்னப் பாக்கணுமாம்."