பூஜையில் இருந்த ஃபோன்

கர்நாடக எல்லையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் கேட், கிரில் செய்து கொடுக்கிறோம். வெல்டிங் எங்கள் வீட்டுக்காரர். கணக்கு, ஃபோன், வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்குவது எல்லாம் நான். கர்நாடகப் பக்கத்து ஆட்களும் வரட்டுமே என்று இணையத்தில் பட்டறைக்கு ஒரு பக்கம் திறந்து, அவ்வப்போது விளம்பரம் போடுவேன். அதற்கான காசு தொழில் கணக்கிலிருந்து தானாகவே போய்விடும். அப்போது அது ஒரு வசதியாகத்தான் தெரிந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், விளம்பரக் கம்பெனியின் பெயரில் ஒரு செய்தி வந்தது. எங்கள் பக்கம் விதியை மீறிவிட்டதாம், உறுதி செய்யாவிட்டால் மூடிவிடுவார்களாம். கேட் படம் போட்டு என்ன விதியை மீற முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் நான் சட்டத்துக்குப் பயந்தவள். பாஸ்வேர்டு முதற்கொண்டு கேட்டதையெல்லாம் கொடுத்து உறுதி செய்தேன்.

பூஜைக்கு வைத்த எதையும் மறுநாள் மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது என்பது எங்கள் பட்டறையில் வழக்கம். வெல்டிங் மெஷின், டிரில் வரிசையில் பட்டறை ஃபோனும் உண்டு. அதுவும் சம்பாதித்துப் போடுகிற ஆயுதம்தானே. முந்தின வருஷம் கற்பூரம் காட்டும்போது அது அலறி, எங்கள் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். அதனால் இந்த முறை நானே அதை அணைத்து, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் காலை பொரியைத் தின்றுகொண்டே அதை உயிர்ப்பித்தேன். பேங்க் மெசேஜ் வரிசையாக விழுந்தது. முதலில் சின்னத் தொகைகள், பிறகு பெரிய தொகைகள், கடைசியில் 'போதிய இருப்பு இல்லை'. திருடனுக்கு மறுபூஜை வரைக்கும் அவகாசம் கொடுத்திருக்கிறேன்.

பக்கத்தைத் திறந்து பார்த்தால், எங்கள் பட்டறைப் பெயரில் முடி வளரும் எண்ணெய்க்கு விளம்பரம் ஓடியிருக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியாத ஏதோ ஒரு மொழியில். ஒரு வழுக்கைத் தலை, பக்கத்திலேயே அதே தலை முடியோடு. எங்கள் வீட்டுக்காரருக்கு முன்வழுக்கை. அவர் அந்தப் படத்தைத் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்.

போனது எங்கள் பணமாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். கல்லாவியில் ஒரு அம்மா, மாட்டை விற்றுப் புது வீடு கட்டியிருந்தார். கேட்டுக்கு அவர் கொடுத்த முன்பணம்தான் கணக்கில் இருந்தது. அடுத்த வாரம் கிரகப்பிரவேசம், பைப் இன்னும் வாங்கவில்லை.

பூஜை விடுமுறை முடிந்து பேங்க் திறந்ததும் போனேன். அதிகாரிக்குக் கன்னடம்தான் சுளுவு. எனக்கும் வரும். எந்த மொழியில் கேட்டாலும் போனது போனதுதான் என்றார். அவ்வளவு மெசேஜ் வந்திருக்கிறதே, உடனே சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்கலாமே என்றார். ஃபோன் பூஜையில் இருந்தது என்றேன். அவருடைய கம்ப்யூட்டர் நெற்றியிலும் சந்தனப் பொட்டு காய்ந்துகொண்டிருந்தது. அவர் புகார் எழுத ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தோம். விளம்பரக் கம்பெனிக்கும் எழுதினேன். என் பொறுமைக்கு நன்றி சொன்னார்கள். எனக்குப் பொறுமை உண்டு என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. பிறகு, என் கணக்கில் வழக்கத்துக்கு மாறாக எதுவும் நடக்கவில்லை என்று பதில் வந்தது.

"அந்தம்மாகிட்ட உள்ளதச் சொல்லிடலாங்க," என்றேன்.

"சொன்னா கல்லாவி சந்தை வரைக்கும் போயிரும். அப்புறம் அந்தப் பக்கம் யாரு நமக்கு முன்பணம் தருவாங்க?"

இரும்புக் கடையில் பழைய பாக்கியே நின்றது. அன்று மதியம் அவர் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். எங்கள் வீட்டு கேட்டை அளந்தார். இந்த வீட்டுக்கு வந்த வருஷம், தனக்கென்று ஆசையாய் அவர் செய்த ஒரே பொருள் அது.

"கல்லாவி அளவுக்கு ரெண்டு அங்குலந்தான் கூட," என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் கட்டிங் மெஷினைப் போட்டதும் உள்ளே போய் அழுதேன். பிறகு பெயிண்ட் டப்பாவைத் தேடி எடுத்து வந்து கொடுத்தேன்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் கல்லாவியில் கேட் நின்றது. விளம்பரக் கம்பெனியும் பிறகு மனம் இரங்கியது. போனதில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது, பணமாக அல்ல, அவர்களிடமே விளம்பரம் போட்டுக்கொள்ள. வேறென்ன செய்வது, கல்லாவி கேட்டின் படத்தைப் போட்டேன். நிறைய பேர் விலை கேட்டார்கள்.

ஒரு நாள் அந்த அம்மா மிச்சப் பணத்தோடும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும் வீட்டுக்கே வந்தார். எங்கள் வாசலில் குறுக்கே ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்திருந்தோம். அதை நகர்த்திவிட்டு உள்ளே வந்தவர், திரும்பி வாசலை ஒரு முறை பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் கேட்டு போட்டுத் தர்றீங்க. எங்க ஊட்டுக்குப் போட்ட மாதிரி உங்க ஊட்டுக்கும் ஒண்ணு போட்டுக்கக் கூடாதா?"

எங்கள் வீட்டுக்காரர் அவருக்கு நாற்காலியை எடுத்துப் போட்டார்.

"போடணுங்கம்மா," என்றார். "அளவெல்லாம் எடுத்தாச்சு."