பட்டியலில் இல்லாத கூரை

அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் ஒரு பழைய வீட்டை வாங்கியதும், அதைப் பராமரிக்க வருடத்துக்கு என்ன ஆகும் என்று பட்டியல் போட்டேன். மொத்தம் இருபத்திரண்டு செலவுகள். சொத்து வரி, தண்ணீர்த் தொட்டி கழுவுதல், திரைச்சீலைச் சலவை வரை இருந்தன. மிச்சப் பணத்தில் அம்மாவுக்கு விமான டிக்கெட் என்று கடைசி வரியில் எழுதியிருந்தேன். மதுரையில் இருக்கும் தன் அக்காவைப் பார்க்க நான்கு வருடங்களாகக் காத்திருந்தாள்.

நான் ஹேடோவில் அரசுக் குடியிருப்புகளுக்குப் பராமரிப்பு எஸ்டிமேட் போடும் எஞ்சினியர். தகரக் கூரையின் ஸ்க்ரூக்களை உப்புக் காற்று அரித்துவிடும் என்று ஒவ்வொன்றிலும் முதலில் எழுதுபவள். என் வீட்டுக் கூரை மட்டும் என்மேல் உள்ள மரியாதையால் துருப்பிடிக்காது என்று நம்பிவிட்டேன் போலும்.

முதல் மழையிலேயே ஒழுகியது. மேலே ஏறிப் பார்த்த மிஸ்திரி, துருப்பிடித்த ஸ்க்ரூக்களைக் கைநிறைய கொண்டுவந்து காட்டினார்.

"பூரா கதம், மேடம். எட்டு ஷீட்டும் மாத்தணும். லிஸ்ட்ல கூரைக்கு எவ்ளோ வச்சிருக்கீங்க?"

"கூரைக்கு வைக்கல."

"கர்ட்டன் தொவைக்க வச்சிருக்காளே," என்றாள் அம்மா. "இனி அந்தச் செலவு மிச்சம். ஒழுகுற தண்ணியே தொவைச்சுரும்."

எட்டு ஷீட்டுக்கு ஈடான தொகை பட்டியலில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"கப்பல்ல பங்க் கிளாஸ் எடு, அதான் இருக்கறதுலயே சீப்பு. மூணு நாள் வாந்தி எடுத்தாலும் போய்ச் சேந்துருவேன். உன் லிஸ்ட்ட நம்பினா எங்கக்கா கருமாதிக்குத்தான் போவேன்."

மறுநாள் கப்பல் டிக்கெட் வரிசையில் நின்றேன். நான் சரியான கப்பலுக்குத்தான் எடுக்கிறேனா என்று பார்க்க அம்மாவும் கூடவே வந்து நின்றாள்.