மூங்கிலில் மூன்று நீர்க்காகங்கள்

போன வாரத்துக்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை காலை. வாக்கிங் போனால் ஏரிக்கரையில் ஒரே கூட்டம். ஒருத்தரும் நடக்கவில்லை. எல்லார் கையிலும் போன்.

எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் நட்ட மூன்று மூங்கில்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு நீர்க்காகம் — கால் மேலே, தலை கீழே, நீல நைலான் கயிற்றில்.

யார் இந்தப் பாவத்தைச் செய்தது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். செய்தது யாரென்று அப்போது எனக்குத் தெரியாது. ஐடியா கொடுத்தது யாரென்று தெரியும்.

நான்தான்.

ஜோகுபாளையத்து வீட்டை விட்டு ஆனேக்கல் பக்கம் மகனுடைய ஃப்ளாட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு இந்த ஏரிதான் டிவி. அதில் மீன் டெண்டர் எடுத்திருப்பவர் ஆரோக்கியம். கோலார் தங்கவயல்காரர். அப்பா சுரங்கத்தில் இறங்கினார், மகன் ஏரியில் இறங்கினார். வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்கு ஜிலேபி மீன் வரும். "கண்ணைப் பாருங்க பெரிம்மா, உங்களையே முறைக்குது" என்று சொல்லித்தான் தருவார்.

அவருக்கு எதிரி இந்த நீர்க்காகம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கறுப்புப் பறவை. முங்கினால் வாயில் மீனோடுதான் எழும். வயிறு நிறைந்ததும் றெக்கையை விரித்துக் காயவைக்கும் — கேஸ் முடிந்த வக்கீல் கோட்டைக் காயப்போட்ட மாதிரி. ஆரோக்கியம் மழைக்காலத்தில் ஏரியில் கட்லா மீன்குஞ்சு விட்டார். நீர்க்காகங்கள் கூட்டம் கூட்டமாக வந்து விழுங்கிவிட்டன. இந்தத் தடவையும் வலை காலியாக வந்தால் ஏரி அவர் கையை விட்டுப் போய்விடும். வேறு வேலையும் தெரியாது.

இதற்காகத்தான் பஞ்சாயத்தில் மீட்டிங். கொஞ்சம் பறவையைச் சுட்டுக்கொள்ள மேலே எழுதிக் கேளுங்கள் என்றார் ஆரோக்கியம். எங்கள் அபார்ட்மெண்டில் கேமராவும் கையுமாக அலையும் ரஷ்மி என்கிற பெண், கூடவே கூடாது என்றாள். நமக்கு முன்னாலிருந்தே அதுகள் இங்கே மீன் தின்கின்றன, மீன் குறைந்ததற்குச் சாக்கடைதான் காரணம் என்றாள். அந்தச் சாக்கடை எங்கள் அபார்ட்மெண்டிலிருந்துதான் போகிறது... அதைப் பற்றி மட்டும் ஒருத்தரும் பேசவில்லை. பாதிப் பேச்சு இங்கிலீஷ். எனக்குப் புரிந்தது கையை ஆட்டினது மட்டும்.

ரெண்டு மணி நேரம். என்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார முடியுமா?

கறிக்கடைக்காரர்கள் செத்த காக்காவைக் கட்டித் தொங்கவிடுவார்கள் இல்லையா? மற்ற காக்காய் அந்தப் பக்கமே வராது. அந்த ஞாபகத்தில் சொன்னேன்: "எதுக்கு இவ்ளோ கஷ்டம்? ஒன்னப் புடிச்சுத் தலைகீழாத் தொங்கவுடு ஆரோக்கியம். மத்ததெல்லாம் பார்த்துட்டு ராஜினாமா குடுத்துட்டுப் போயிடும்."

சபை குலுங்கியது. எங்கள் அபார்ட்மெண்ட் செக்ரட்டரி நாகராஜ் அதைக் கன்னடத்தில் சொல்ல, இன்னொரு தடவை சிரித்தார்கள். மனதுக்குள் எனக்கு ஒரே பெருமை.

அடுத்த செவ்வாயே தொங்கிவிட்டது.

ஆனால் பாருங்கள், காக்காய்க்கு இருக்கிற பயம் இதுகளுக்கு இல்லை. எட்டு மணி வெயிலுக்கு நாலைந்து நீர்க்காகங்கள் வந்து, அதே மூங்கில்களில், செத்ததுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து றெக்கையைக் காயவைத்தன. அப்புறம் முங்கி மீன் பிடித்தன.

மோசமான விஷயம் அதற்கப்புறம்தான் தெரிந்தது. ஏரி நடுவில் ஒரு திட்டு, அதில் கருவேல மரங்கள், மரமெல்லாம் கூடு. பறக்கிற பறவையைப் பிடிப்பது கஷ்டம். குஞ்சுக்கு இரை கொடுக்க உட்கார்ந்ததை வலை போட்டு அமுக்குவது சுலபம். அப்படித்தான் பிடித்திருக்கிறார். ஒரு கூட்டிலிருந்து தாயும் தகப்பனும் சேர்ந்து போய்விட்டன. அந்தக் குஞ்சுகள் செவ்வாய் முழுக்கக் கத்தின. புதன்கிழமை குரல் கம்மியது. வியாழக்கிழமை நான் பால்கனியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

சத்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மீட்டிங். ரஷ்மி எடுத்த போட்டோ ஊரெல்லாம் சுற்றியிருந்தது. ஃபாரஸ்ட்காரர்கள் ஆரோக்கியம் மேல் கேஸ் எழுதிவிட்டார்கள். உனக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தது என்று நாகராஜ் அவரைக் கேட்டார். நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். ஆரோக்கியம் என் பக்கமே திரும்பவில்லை.

"யாரும் சொல்லல சார். நானேதான்."

போன மீட்டிங்கில் சிரித்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒருத்தருக்கும் அந்த ஜோக் ஞாபகமில்லையா, அல்லது என்னை மாதிரியே சும்மா இருந்தார்களா... தெரியவில்லை. டெண்டரை ரத்து செய்யச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். எல்லாக் கையும் மேலே போகும்போது, மடியில் கிடக்கிற கை ரொம்பப் பளிச்சென்று தெரியும்.

தூக்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆரோக்கியம் வந்தார். கையில் மீன் இல்லை. பரிசலை விற்றாகிவிட்டது, மச்சானோடு ஓசூர் பக்கம் ஏதோ கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறேன் என்று சொல்ல வந்திருந்தார். தப்பு என்னுதுதான்பா, என்றேன்.

"நீங்க சிரிக்கத்தானே சொன்னீங்க பெரிம்மா. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குத்தான் சிரிக்கிற நிலைமை இல்ல." கிளம்பப் போனவர் திரும்பினார். "அந்தக் குஞ்சுங்க சத்தம் இன்னும் காதுலயே இருக்கு. சாப்பிட முடியல."

அவர் போனதும் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக நாகராஜ் வீட்டுக்குப் போனேன். ஐடியா என்னுடையது, எழுதின கேஸில் என் பேரையும் சேர்க்கச் சொல்லுங்கள், அந்த மனுஷனுக்கு ஏரியைத் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள் என்று தெரிந்த கன்னடத்தில் சொன்னேன்.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீவு பிடி அஜ்ஜி!" — அட விடுங்க பாட்டி — என்று முதுகில் தட்டி, மனைவியைக் கூப்பிட்டு எனக்குக் காபி போடச் சொன்னார்.

ஒரு திட்டாவது விழாதா என்று, காபி ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.